உரிமையாளர் எண் 1000

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு கோப்பின் உரிமையாளர் யார் என்னும் செய்தி எண்ணாக எழுதப்படுகிறது. வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிய ஐநோடு எனப்படும் சிறு பதிவில் உரிமையாளரின் பயனர் எண்ணும், கோப்பு சேர்ந்திருக்கும் குழுவின் எண்ணும், யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று சொல்லும் ஒன்பது பிட்டுகளும் இருக்கின்றன. கோப்பின் பெயர்கூட அந்தப் பதிவில் கிடையாது. கோப்புகளைப் பட்டியலிடும்போது உரிமையாளர் பெயராகத் திரையில் தெரிவது, அந்த எண்ணைக் கணினி தன் பயனர் பட்டியலில் தேடியெடுத்து அப்போதைக்கு நிரப்பிக் காட்டும் ஒரு சொல் மட்டுமே. பட்டியலிலிருந்து அந்தப் பயனரை நீக்கிவிட்டால் பெயர் மறைந்து எண் வெளிப்படும். அதே எண்ணைப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்தால், முன்னவர் விட்டுச்சென்ற கோப்புகள் அனைத்தும் எந்தச் சடங்கும் இன்றிப் புதியவருடையவை ஆகிவிடும்.

ஒன்பது பிட்டுகளில் முதல் மூன்று உரிமையாளருக்கும், அடுத்த மூன்று குழுவினருக்கும், கடைசி மூன்று ஏனையோருக்கும் உரியவை. 1971இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் பதிப்பில் குழு என்ற கருத்தே இருக்கவில்லை. உரிமையாளர், மற்றவர் என்ற இரு வகையினரே இருந்தனர், குழு பின்னர் வந்து நடுவில் அமர்ந்தது. கேட்பவர் உரிமையாளரா என்று முதலில் பார்த்து, ஆம் எனில் முதல் மூன்று பிட்டுகளோடு சோதனை நின்றுவிடுவதால், ஊரெல்லாம் படிக்கக்கூடிய ஒரு கோப்பை அதன் உரிமையாளர் மட்டும் படிக்க முடியாதபடி செய்துவைக்கவும் இயலும். பிறருடைய அதிகாரத்தோடு ஒரு நிரலை இயக்க வேண்டிய விதிவிலக்குக்கு டென்னிஸ் ரிச்சி தனியாக ஒரு பிட்டை ஒதுக்கினார்; 1973இல் விண்ணப்பிக்கப்பட்ட அந்த யோசனைக்கு 1979இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

ஒரே கணினிக்குள் இந்த ஏற்பாடு நம்பத்தக்கதாக இருப்பதற்கு இந்தப் பிட்டுகளின் சாமர்த்தியம் காரணம் அன்று. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் உள்நுழைவு நிரலும், அது வழங்கிய எண்ணைச் சுமந்துவரும் ஒவ்வொரு நிரலையும் வட்டின் வாயிலில் நிறுத்திச் சோதிக்கும், இயங்குதளத்தின் கருவான கர்னலும் ஒரே பெட்டிக்குள், ஒரே மேலாளரின் பொறுப்பில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தவரும் எண்ணைக் கேட்பவரும் ஒரே தரப்பு. பல கணினிகளின் வட்டுகளை வலைப்பின்னலால் இணைத்து, பயன்படுத்துவோருக்கு ஒரே கோப்பு மரமாகக் காட்டும் பரவல் கோப்பு முறைமையில் அந்த இரண்டு தரப்பும் பிரிந்துவிடுகின்றன. எண்ணை வழங்குவது ஒரு கணினி. அதை நம்பிக் கோப்பைத் திறந்துகொடுப்பது வேறொரு கணினி. இத்துறையில் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பிரிவிலிருந்தே கிளைத்தவை.

சன் நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்எஃப்எஸ் என்னும் வலைப்பின்னல் கோப்பு முறைமை இதற்கு மிக எளிய வழியைத் தேர்ந்தது. கோப்பைக் கேட்கும் கிளையன்ட் கணினி ஒவ்வொரு கோரிக்கையின் தலையிலும் தன் பயனரின் எண், குழு எண், கூடுதல் குழுக்கள் 16 வரை ஆகியவற்றை எழுதி அனுப்பும். சர்வர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சான்று என்று பெயரிடப்பட்டிருந்தாலும் அது ஒரு கூற்று மட்டுமே. உபுண்டுவில் முதலில் உருவாக்கப்படும் பயனருக்கு எண் 1000. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸில் ஆறாம் பதிப்புவரை 500, ஏழாம் பதிப்பிலிருந்து 1000. ஆகவே ஓர் ஆய்வகத்தில் பத்துப் பேர் தங்கள் தங்கள் கணினியில் லினக்ஸை நிறுவிக்கொண்டு ஒரே சர்வரைப் பயன்படுத்தத் தொடங்கினால், பத்துப் பேரும் சர்வரின் பார்வையில் 1000 என்ற ஒரே ஆளாக இருக்க நேரும். எல்டாப் போன்ற பொதுப் பயனர் ஏட்டை வைத்து எல்லாக் கணினிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் கிடைக்கச் செய்வதால் தற்செயலான இந்தக் குழப்பம் தீரும். தன் மடிக்கணினியில் ரூட் எனப்படும் முழு அதிகாரம் பெற்ற ஒருவர் வேண்டுமென்றே பிறர் எண்ணைச் சூட்டிக்கொள்வதை அது தடுக்காது. எம்ஐடியின் அதீனா திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் அதைத் தடுத்தது: பயனரின் அடையாளத்தை மூன்றாம் தரப்புச் சர்வர் ஒன்று மறைகுறியீட்டுச் சீட்டாக எழுதித் தரும், கோப்புச் சர்வர் அந்தச் சீட்டை மட்டுமே நம்பும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஏஎஃப்எஸ் அந்தச் சீட்டை ஏற்று, ஒன்பது பிட்டுகளையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, அடைவுக்கு அடைவு தனி அனுமதிப் பட்டியல் வைத்துக்கொண்டது. பாதுகாப்பில் இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிறுவுவதும் பேணுவதும் கடினம் என்பதால் உலகின் பெரும்பாலான சர்வர் அறைகள் எளிய கூற்று முறையிலேயே தங்கிவிட்டன.

பெங்களூரில் பெரும்பகுதி எழுதப்பட்ட குளஸ்டர் கோப்பு முறைமை இந்தச் சூழலில்தான் வந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஆனந்த் பாபு பெரியசாமி, சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்தவர். கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தபோது, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்கான தண்டர் மீக்கணினியில் பணியாற்றியவர். 4096 இட்டானியம் செயலிகள் கொண்ட தண்டர், 2004 ஜூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றது. ஹிதேஷ் செல்லானியுடன் சேர்ந்து 2005இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்குத் தலைமையகம் கலிஃபோர்னியாவிலும் பொறியாளர் குழு பெங்களூரிலும் அமைந்தன. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் அதைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகும் நிரல் வேலையின் மையம் பெங்களூராகவே நீடித்தது.

குளஸ்டரின் அடிப்படை முடிவு ஒன்றுதான்: மையப் பதிவேடு வேண்டாம். லஸ்டர் போன்ற முறைமைகளில் கோப்பின் பெயர், உரிமையாளர், அனுமதி, எங்கே கிடக்கிறது என்ற விவரம் ஆகியவற்றை மெட்டாடேட்டா சர்வர் என்ற தனிக் கணினி வைத்திருக்கும். உள்ளடக்கம் மட்டும் பிற கணினிகளில் பரவியிருக்கும். குளஸ்டரில் அப்படி ஒரு கணினி இல்லை. ஒவ்வொரு சர்வரிலும் எக்ஸ்எஃப்எஸ் போன்ற சாதாரணக் கோப்பு முறைமையின் ஓர் அடைவு, பிரிக் என்ற பெயரில் ஒப்படைக்கப்படுகிறது. பல பிரிக்குகள் சேர்ந்தது ஒரு வால்யூம். கோப்பின் பெயரை ஒரு கணக்கீட்டுக்கு உட்படுத்தி 32 பிட் எண்ணாக்கி, அந்த எண் எந்தப் பிரிக்கின் பங்கில் விழுகிறதோ அங்கே கோப்பை வைத்துவிடுவதால், தேடுபவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தானே கணக்கிட்டுக்கொள்ளலாம். பிரிக்கில் கிடப்பது முழுமையான, சாதாரணமான கோப்பு. உரிமையாளர் எண்ணும் ஒன்பது பிட்டுகளும் அந்த வட்டின் ஐநோடிலேயே எழுதப்படுகின்றன. குளஸ்டர் மென்பொருளையே அகற்றிவிட்டாலும் கோப்புகளையும் அவற்றின் உரிமையையும் நேரடியாகப் படிக்க முடியும் என்பது பேரிடரில் அகப்பட்ட மேலாளர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பிரிக்கைக் கவனிக்கும் சர்வர் நிரல் ரூட் அதிகாரத்தோடு இயங்குகிறது. எந்தக் கோப்பும் அதற்குத் தடையில்லை. எனவே கர்னல் செய்துவந்த வாயிற்சோதனையை இந்த நிரல் தானே செய்யவேண்டியிருக்கிறது. குளஸ்டர் அடுக்கடுக்கான சிறு நிரல்களால் கட்டப்பட்டது. டிரான்ஸ்லேட்டர் எனப்படும் அந்த அடுக்குகளில் ஒன்று, வரும் கோரிக்கையிலுள்ள எண்களைக் கோப்பின் பிட்டுகளோடும் அனுமதிப் பட்டியலோடும் ஒப்பிட்டு விடுவதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் வேலைக்கென்றே இருக்கிறது. கோரிக்கையிலுள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், என்எஃப்எஸ் போலவே, கிளையன்ட் கணினி சொல்வதிலிருந்துதான்.

ஒருவர் எத்தனை குழுக்களில் இருக்கலாம் என்ற சிறு கேள்வியில் இந்த அமைப்பின் எலும்புக்கூடு முழுவதும் வெளிப்பட்டுவிடுகிறது. லினக்ஸ் கர்னல் 2004 முதல் ஒரு செயலுக்கு, அதாவது இயங்கும் ஒரு நிரலுக்கு, 65,536 குழுக்கள்வரை அனுமதிக்கிறது. பெருநிறுவனங்களில் திட்டத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று என்று குழுக்கள் பெருகி, ஒரே ஊழியர் நூற்றுக்கு மேற்பட்டவற்றில் இருப்பது வழக்கம். என்எஃப்எஸ் சான்றில் இடமிருப்பது 16க்கு மட்டுமே. பதினேழாவது குழுவால் கிடைக்கவேண்டிய அனுமதி காரணம் தெரியாமல் மறுக்கப்படும். குளஸ்டர் தனக்கென்று சொந்தச் சான்று வடிவம் வைத்துக்கொண்டபோதும், அது பயன்படுத்தும் தொலையழைப்பு நெறிமுறை சான்றுக்கு 400 பைட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. எண் ஒன்றுக்கு நான்கு பைட் வீதம் நூறு எண்களுக்கு இடம். செயல் எண், பயனர் எண், முதன்மைக் குழு எண், நீளங்கள், பூட்டு வைத்திருப்பவரின் அடையாளம் ஆகியவற்றுக்கு ஏழு போக, 93 குழுக்கள் மிஞ்சுகின்றன. அந்த 93ஐயும் நிரப்ப முடியாதபடி இன்னொரு தடை முன்னால் நின்றது: பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பதைக் கர்னல் வெளியிடும் செயல்நிலைக் கோப்பிலிருந்து கிளையன்ட் படித்துக்கொள்ளும், பழைய கர்னல்கள் அந்தக் கோப்பில் முதல் 32 குழுக்களை மட்டுமே காட்டின. 16, 32, 93 ஆகிய மூன்றில் ஒன்றைக்கூடப் பாதுகாப்பைக் கருதி எவரும் தேர்ந்தெடுக்கவில்லை; ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பெட்டியின் அளவு. ஆனால் ஒரு பொறியாளர் தன் திட்டக் கோப்பைத் திறக்க முடியுமா என்பதை முடிவுசெய்தவை அவைதான்.

இதற்குக் கண்ட தீர்வு நீளத்தைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. சர்வர் பக்கத்தில் ஒரு விருப்பத்தேர்வை இயக்கினால், கிளையன்ட் அனுப்பும் குழுப் பட்டியலைச் சர்வர் தள்ளிவிட்டு, பயனர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய குழுக்களைத் தன் பயனர் ஏட்டில் தானே தேடிக்கொள்ளும். வரம்பு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அதோடு, குழு உறுப்பினர் என்ற கூற்றை நம்ப வேண்டிய தேவையும் போகிறது. தேடுவதற்கு நேரமாகும் என்பதால் கிடைத்த விடையைச் சர்வர் 300 நொடிவரை நினைவில் வைத்துக்கொள்வது இயல்பு அமைப்பு. ஆகவே குழுவிலிருந்து நீக்கப்பட்டவருக்கு ஐந்து நிமிடம்வரை பழைய உரிமை நீடிக்கலாம். கிளையன்டும் கோப்பின் அனுமதி விவரங்களை இயல்பாக ஒரு நொடி தன்னிடம் வைத்துக்கொள்கிறது. உடனடியாகப் பறிக்கப்படும் அனுமதி என்று ஒன்று பரவல் முறைமையில் அநேகமாக இல்லை. கோப்பு திறக்கப்படும் கணத்தில்தான் யூனிக்ஸ் அனுமதியைச் சோதிக்கிறது என்பதால், முன்பே திறந்து வைத்திருப்பவரை ஒற்றைக் கணினியில்கூட அப்புறப்படுத்த முடியாது.

மையப் பதிவேடு இல்லாததன் விலை, ஒரே கோப்பின் பிரதிகள் வெவ்வேறு உரிமையாளரைச் சொல்லத் தொடங்கும்போது தெரிகிறது. இரண்டு பிரிக்குகளில் பிரதி எடுக்கப்படும் வால்யூமில், ஒவ்வொரு பிரிக்கும் மற்றதைப் பற்றிய கணக்கைக் கோப்போடு ஒட்டிய நீட்சிப் பண்பு எனப்படும் சிறு குறிப்பில் வைத்திருக்கிறது. மளிகைக் கடையின் கடன் நோட்டு போல அதில் மூன்று நிலுவைகள்: உள்ளடக்கத்துக்கு ஒன்று, உரிமை-அனுமதிக்கு ஒன்று, அடைவிலுள்ள பெயர்களுக்கு ஒன்று. உரிமையாளரை மாற்றும் ஆணை வந்தால், முதலில் இரண்டு பக்கமும் நிலுவை எழுதப்படும், பிறகு மாற்றம் நடக்கும், வெற்றி பெற்ற பிரிக்கின் பெயரிலுள்ள நிலுவை கடைசியில் அழிக்கப்படும். இடையில் ஒரு பிரிக் அணைந்திருந்தால் அதன் பெயரில் நிலுவை நின்றுவிடும்; அது திரும்பி எழுந்ததும் சரிசெய்யும் நிரல் அந்தக் குறிப்பைப் பார்த்துப் புதிய உரிமையாளர் எண்ணை அதற்கு எழுதிவைக்கும். ஆனால் அது எழுவதற்கும் சரிசெய்யப்படுவதற்கும் இடையே மற்ற பிரிக் அணைந்து, அந்த வேளையில் பழைய பிரதியின் மேல் இன்னொரு மாற்றம் நடந்துவிட்டால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று குறை எழுதிவைத்திருக்கும். ஸ்ப்ளிட் பிரெயின் எனப்படும் இந்த நிலையில் குளஸ்டர் பிழை காட்டி மேலாளரின் முடிவுக்குக் காத்திருக்கிறது. பிந்தைய நேரமுள்ள பிரதியைத் தானாகவே தேர்ந்தெடுக்கச் சொல்லும் வசதியும் உண்டு; உள்ளடக்கத்தில் அதனால் சில வரிகள் போகலாம், உரிமை-அனுமதியில் ஒருவரிடமிருந்து பறித்த உரிமை சத்தமின்றித் திரும்பிவந்துவிடலாம் என்பதால், பிழை காட்டி நிற்பதே நேர்மையான நடத்தை என்று கொள்ளவேண்டும். 3.7ஆம் பதிப்பில் வந்த ஆர்பிட்டர் பிரிக் இந்தத் தகராறுக்கென்றே அமைந்த மூன்றாம் சாட்சி: அதில் எல்லாக் கோப்புகளும் பெயர், உரிமையாளர், அனுமதி ஆகியவற்றோடு இருக்கும், உள்ளடக்கம் மட்டும் ஒரு பைட்கூட இருக்காது. சேமிப்பிடம் வீணாகாமல் பெரும்பான்மை வாக்கு கிடைக்கிறது.

அடைவுகளின் நிலை இன்னும் சிக்கலானது. கோப்பு ஒரு பிரிக்கில் (பிரதி இருந்தால் அதன் இணைகளிலும்) மட்டுமே கிடக்கும். அடைவோ எல்லாப் பிரிக்குகளிலும் இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதற்குள் வரும் கோப்புகள் எங்கும் விழலாம். ஐம்பது பிரிக் உள்ள வால்யூமில் ஓர் அடைவின் உரிமையாளரை மாற்றுவது ஐம்பது இடத்தில் எழுதும் வேலை. இவை பிரதிகளாகக் கருதப்படாததால் மேலே சொன்ன நிலுவைக் கணக்கு இவற்றுக்கிடையே உதவாது. பின்னாளைய பதிப்புகள் ஒவ்வோர் அடைவுக்கும் ஒரு பிரிக்கைத் தேர்ந்து, அதன் பதிவையே சரியானதாகக் கொண்டு மற்றவற்றைத் திருத்தத் தொடங்கின. மெட்டாடேட்டா சர்வரே வேண்டாம் என்று கிளம்பிய முறைமை, அடைவுக்கு அடைவு ஒரு குட்டி மெட்டாடேட்டா சர்வரை நியமித்துக்கொண்டது என்று சற்றுக் குறும்பாகச் சொல்லலாம்.

அனுமதிப் பிட்டுகளை அனுமதிக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் பயன்படுத்தியது குளஸ்டரின் இன்னொரு துணிச்சல். கோப்பின் பெயரை மாற்றினால் கணக்கீடு வேறு பிரிக்கைக் காட்டும். பெரிய கோப்பை அதற்காக இடம்பெயர்ப்பது வீண் என்பதால், புதிய பிரிக்கில் பூஜ்ய அளவுள்ள சுட்டிக் கோப்பு ஒன்று வைக்கப்படும். அதை அடையாளம் காட்டுவது, ஒன்பது பிட்டுகளும் அணைந்து, ஸ்டிக்கி பிட் மட்டும் எரியும் நிலை. நிரலை நினைவகத்திலேயே ஒட்டிவைக்கச் சொல்லும் பொருட்டுப் பழைய யூனிக்ஸில் பிறந்து, இன்று அடைவுகளில் பிறர் கோப்பை அழிக்காமல் காக்கும் வேலைக்கு மட்டும் எஞ்சியிருக்கும் பிட் அது. கோப்புகளில் லினக்ஸ் அதைப் பொருட்படுத்துவதில்லை. வேலையற்றுக் கிடந்த அந்தப் பிட்டுக்குக் குளஸ்டர் வேலை கொடுத்தது. பிரிக் அடைவை நேரடியாகத் திறந்து பார்த்து, யாருக்கும் எந்த அனுமதியும் இல்லாத வெற்றுக் கோப்புகள் குவிந்திருப்பதைக் கண்டு திகைக்கும் மேலாளர் காண்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

எண் 0, அதாவது ரூட், மேற்சொன்ன எல்லாச் சோதனைகளையும் கடந்தது. கிளையன்ட் கணினியின் ரூட், வால்யூமுக்கும் ரூட்டாக நடந்துகொள்ளாதபடி அதை 65534 என்ற ஆளற்ற எண்ணாக மாற்றிக்கொள்ளும் ரூட் ஸ்குவாஷ் வசதி உண்டு; ஆனால் அதை மேலாளரே இயக்க வேண்டும். எந்தக் கணினிகள் வால்யூமை இணைத்துக்கொள்ளலாம் என்ற பட்டியலும் இயல்பு நிலையில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 2018இல் வெளிப்பட்ட சிவிஇ-2018-1088 என்னும் பாதுகாப்புக் குறை இந்த நம்பிக்கைச் சங்கிலியின் பலவீனத்தைக் காட்டியது. குறித்த நேரத்தில் வால்யூமின் நிலைப்படம் எடுக்கும் கருவி, தன் வேலைப் பட்டியலைச் சர்வர்கள் பொதுவில் வைத்திருக்கும் ஒரு வால்யூமில் எழுதிவைத்தது. சர்வரின் கிரான் என்னும் நேரக் கணக்கன் அந்தப் பட்டியலை ஓர் இணைப்பின் வழியே படித்து ரூட் அதிகாரத்தோடு நிறைவேற்றியது. அந்தப் பொது வால்யூமைச் சாதாரணக் கிளையன்ட்களும் இணைத்துக்கொள்ள முடிந்ததால், தன் கணினியில் ரூட்டாக இருந்த எவரும் பட்டியலில் ஒரு வரி சேர்த்துச் சர்வரின் ரூட்டாகிவிட வழி பிறந்தது. அதை அடைக்க வெளியிட்ட திருத்தம், இணைப்பு அனுமதிப் பட்டியலின் சோதனையையே பழுதாக்கி, சிவிஇ-2018-1112 என்ற அடுத்த குறையைப் பெற்றது. டிஎல்எஸ் மறைகுறியீட்டை இயக்கினால் சான்றிதழ் உள்ள கணினிகள் மட்டுமே பேச முடியும். அதுவும் கணினியை அடையாளம் காட்டுமேயன்றி அதன் முன் அமர்ந்திருக்கும் ஆளைக் காட்டாது.

எண்ணை நம்பும் முறை எங்கே குறையின்றி நடக்கிறது என்பதற்கும் பெங்களூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் இயங்கத் தொடங்கிய 3.3 பெட்டாஃபிளாப் வேகமுள்ள பரம் பிரவேகா மீக்கணினி லஸ்டரைப் பயன்படுத்துகிறது. ஆராய்ச்சியாளர்கள் உள்நுழைவுக் கணினிகள் வழியாகவே அதற்குள் வர முடியும், உள்ளே எந்தக் கணினியிலும் அவர்களுக்கு ரூட் அதிகாரம் இல்லை. எண் வழங்குபவரும் எண்ணை நம்புபவரும் மறுபடி ஒரே தரப்பாகிவிடுவதால் பழைய யூனிக்ஸ் உடன்பாடு உயிர் பெறுகிறது. யாஹூ வளர்த்த ஹடூப்பின் எச்டிஎஃப்எஸ் என்னும் பரவல் கோப்பு முறைமை வேறு திசையில் போனது: அது உரிமையாளரை எண்ணாக எழுதாமல் பெயராகவே எழுதிக்கொண்டு, குழுக்களைத் தன் மையச் சர்வரில் தேடிக்கொண்டது. எனினும் தொடக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்பவர் கிளையன்டாகவே இருந்தார். கிளையன்ட் பக்கத்தில் வேறு பெயரைக் கொடுத்துவிட்டால் போதும், அவராகிவிடலாம். யாஹூ பொறியாளர்கள் 2009, 2010இல் கெர்பரோஸைச் சேர்த்த பிறகே அது மாறியது.

பெரியசாமி 2014இல் இணைந்து தொடங்கிய மின்ஐஓ என்னும் சேமிப்பு மென்பொருள் இந்த மரபிலிருந்தே விலகிவிட்டது. அமேசான் 2006இல் வெளியிட்ட எஸ்3 சேமிப்பின் இடைமுகத்தைப் பின்பற்றும் அதில் பயனர் எண் இல்லை, குழு எண் இல்லை, ஒன்பது பிட்டுகளும் இல்லை. கேட்பவரிடம் ஓர் அணுகல் சாவியும் ஓர் இரகசியச் சாவியும் இருக்கும்; இரகசியச் சாவியை அனுப்பாமல், அதைக் கொண்டு கோரிக்கையின் மேல் கணித ஒப்பம் ஒன்றைக் கணக்கிட்டு அனுப்புவார்; சர்வர் அதே ஒப்பத்தைத் தானும் கணக்கிட்டு ஒத்துப்பார்க்கும். யார், எந்தப் பெட்டகத்தில், என்ன செய்யலாம் என்பதைக் கோப்போடு ஒட்டாத தனிக் கொள்கை ஆவணங்கள் சொல்லும். ரெட் ஹாட் தன் குளஸ்டர் சேமிப்புத் தயாரிப்புக்கான ஆதரவை 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. புதிதாக எழுதப்படும் சேமிப்பு மென்பொருள்களில் பல இன்று ஒப்ப முறையையே ஏற்கின்றன. மின்ஐஓவின் வட்டுகளில் ஐநோடுகளும் அவற்றின் ஒன்பது பிட்டுகளும் இன்னும் இருக்கின்றன; ஆயிரம் பேர் ஏற்றிய தரவாக இருந்தாலும், அங்கே உள்ள எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் சர்வர் நிரலை இயக்கும் ஒரே பயனர் எண்தான்.